மாடி அறையைக் கொடுத்துவிட்டோம், அப்பா

என் அப்பாவுக்கு, போய்ச் சேர்ந்த இடத்திலாவது நிம்மதியாக இருக்கிறீர்களா?

ஒரு சேதி சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். ஜனக்புரி வீட்டின் மாடி அறையை ஒரு பர்மாக்காரப் பெண்ணுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டோம். பெயர் மா தின். அங்கே ராணுவத்துக்கு எதிராகக் கொடி பிடித்து, உயிர் தப்பி டில்லிக்கு வந்தவள்.

உங்களுக்கு அவளைத் தெரியும். சில வருடங்களுக்கு முன் புருஷனோடு இதே அறையைக் கேட்டு வந்தாள். "கம்ரா காலி நஹி ஹை", அறை காலியில்லை என்று வாசலிலேயே துரத்தினீர்கள். அறை பூட்டித்தானே கிடந்தது? எனக்கு ஆத்திரமாக வந்தது. அறுபதுகளில் ரங்கூனில் ராணுவ ஆட்சிக்காரர்கள் புரட்சி என்று சொல்லி உங்கள் மளிகைக் கடையைப் பறித்து, அதிலேயே உங்களைச் சம்பளத்துக்கு நிற்க வைத்தார்கள். அந்த நாட்டு மனிதர்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு பர்மியச் சொல் பேசவிட்டதில்லையே நீங்கள்.

போன குளிர்காலத்தில் அவள் புருஷன் நிமோனியாவில் இறந்துவிட்டானாம். தனியாக வந்து நின்றவளை அம்மா உள்ளே கூப்பிட்டாள். காபியை வைத்துக்கொண்டு இருவரும் பர்மியத்தில் பேசினார்கள். திடீரென்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னம்மா சொன்னா?" என்றேன்.

"அன்னிக்கு இவங்களைத் துரத்திட்டு, உங்கப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலயே போயிருக்கார்டி. 'ரங்கூன்ல எங்க தெருவுக்குப் பின்னாடி குழந்தைங்களைப் புதைக்கிற இடம் ஒண்ணு இருந்துச்சே, இன்னும் இருக்கா? என் மகன் அங்கதான் இருக்கான்'னு கேட்டாராம்."

மகனா?

அதற்குப் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். "மருந்துக் கடையும் கவர்மெண்ட் கைக்குப் போயிருச்சு. காய்ச்சல் மாத்திரைக்குக்கூட வரிசை. உங்கப்பா வாங்கிட்டு வர்றதுக்குள்ள பிள்ளை அடங்கிட்டான். கப்பல் ஏறினப்பவே சொல்லிட்டார், இனிமே அவனைப் பத்திப் பேசக் கூடாதுன்னு."

எப்படி அப்பா இத்தனை வருடம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தீர்கள்? எனக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். "அரே அப்பா, சாதாரண ஜுரம்தானே!" என்று கேலி செய்திருக்கிறேன்.

அவன் பெயரைக் கேட்டேன். அம்மா இன்னும் சொல்லவில்லை.

மா தின் வேறு ஊர்க்காரி. அந்த இடம் அவளுக்குத் தெரியாது, திரும்பிப் போகவும் முடியாது. நான் போகலாம். விசா கிடைத்ததும் போவேன் அப்பா. அங்கே கட்டடமே எழுந்திருந்தாலும் சரி, அந்தத் தெருவில் ஒரு டம்ளர் பால் ஊற்றிவிட்டுத்தான் வருவேன்.

கௌரி,
உங்கள் இரண்டாவது பிள்ளை