இடது பக்கத் தகரம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நான், உன் அம்மா, உன் தங்கச்சி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே. பத்து நாளாக அம்மா உன் போனை எடுக்காதது சிக்னல் கோளாறு இல்லை, அவளுக்கு எடுக்கப் பிடிக்கவில்லை. நானும் போனில் பேசினால் கத்திவிடுவேன், நீ பாதியில் கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

கார் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும்போது நம் பழைய காரைக் கண்காட்சியில் நிறுத்த வேண்டும், பானட்டைத் திறந்தால் எஞ்சினைத் தவிர எதுவும் கண்ணில் படக் கூடாது, ஒரு ஓட்டை, ஒரு ஒயர், ஒரு மடிப்பு தெரியக் கூடாது, எல்லாவற்றையும் தகரம் வைத்து வழுவழுவென்று மூடிக் கொடுங்கள் என்று படம் படமாக அனுப்பியிருந்தாய். முப்பத்தைந்து வருஷமாக டிங்கர் வேலை பார்க்கிறேன், நசுங்கியதை நிமிர்த்தச் சொல்லி வருவார்கள், யாரும் பார்க்காத இடத்தை அழகு பண்ணச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நீதான். இவனுக்குக் கொழுப்பு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டேதான் எஞ்சினை இறக்கினேன். ஆனால் வேலை கையில் ஏறியதும் எனக்கே ஆசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன். பேட்டரியை டிக்கிக்கு மாற்றி, ஒயர்களை மட்கார்டுக்குள் ஒளித்து, வேண்டாத ஓட்டை நாற்பத்தொன்றை ஒவ்வொன்றாக வெல்டு வைத்து அடைத்து ராவினேன். அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதே மாதிரி தகரம் வெட்டி வளைத்து வலது பக்கத்தை முடித்தபோது, தடவினால் விரல் எங்கேயும் தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை தடவிப் பார்த்தேன்.

அப்புறம் இடது பக்கம். பேட்டரி உட்கார்ந்திருந்த இடத்தில், ஹெட்லைட்டுக்குப் பின்னால், கிரைண்டரை வைத்தால் பொறி பறக்கவில்லை, வெள்ளைப் பொடி பறந்தது. பட்டி. பள்ளத்தை மறைக்க அப்புகிற பட்டி, அதுவும் விரல் கனத்துக்கு. ஊரான் வண்டிக்குக் கூட நான் அவ்வளவு அப்பியதில்லை. சுரண்டினால் அடியில் தகரம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி கிடந்தது, அதை ஒழுங்காகத் தட்டி நிமிர்த்தாமல் பித்தளைக் கம்பியால் ஒட்டு வைத்திருந்தது. ஒட்டைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறாரே, பட்டி மன்னன் என்று நாம் கிண்டல் பண்ணுவோமே, அவர். கைகூடக் கழுவாமல் போய் அவர் முன்னால் நின்றேன். மனுஷர் முதலில் மென்று முழுங்கினார். பிறகு, "உங்க பையன்தாங்க, பாலத்துச் சுவத்துல கொண்டுபோய் இடிச்சிட்டேன், அப்பா வர்றதுக்குள்ள முடிச்சுக் குடுங்கன்னு கையப் புடிச்சுக் கெஞ்சினான்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் மாமாவுக்கு ஆபரேஷன் என்று நானும் அம்மாவும் போய் நாலு நாள் தங்கிய வாரம் அது. திரும்பி வந்தால் ஹெட்லைட் கண்ணாடி புதுசு, பம்பரில் கீறல். நீ வாசலிலேயே வந்து, தங்கச்சி வண்டி எடுத்தாள், சுவரில் லேசாக உரசிவிட்டாள், அவளைத் திட்டாதீர்கள் என்று சொன்னாய். திட்டாதீர்கள் என்று வேறு சொன்னாய் பார், அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் லைசென்ஸ் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சாவியைத் தொடவே இல்லை என்று அழுதாள். நான் தெருவே கேட்கிற மாதிரி பொய்க்காரி என்றேன். பேட்டரியைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும், உரசினால் எப்படி இருக்கும், மோதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை, ஏனென்றால் சொன்னது நீ.

இடிராணி என்று அன்றைக்குப் பேர் வைத்தவனும் நீதான். ஆறு வருஷமாக வீட்டில் அது ஒரு சிரிப்பு. அங்கே போன பிறகும் போனில் உன் முதல் கேள்வி, இடிராணி எப்படி இருக்கிறாள் என்பதுதான். உனக்கு நாக்குக் கூசவில்லையா. அதற்குப் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. மருந்துக் கம்பெனியில் வண்டி கொடுத்து வேலைக்குக் கூப்பிட்டார்கள், இவளை நம்பி வண்டியா என்று நான்தான் தடுத்தேன். இன்றைக்கும் இரண்டு பஸ் மாறித்தான் கண்ணாடிக் கடை வேலைக்குப் போய் வருகிறாள்.

அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், பட்டிப் பொடியை விரலால் தள்ளிவிட்டாள். உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், ஒரு வார்த்தை திட்டவில்லை. "நான் சொன்னப்ப நம்பல, தகரம் சொன்னதும் நம்பிட்டீங்க" என்றாள், உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் வாசலில் வழிமறித்து, தப்பு என்னுது, மன்னிச்சிடும்மா என்றேன். சரிப்பா, பஸ் போயிடும் என்று கிளம்பிவிட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பங்குக்கு நான் என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்கிறேன், உன் பங்கை உனக்காக நான் செய்ய முடியாது.

வேலை முடிந்தது, எஞ்சினும் ஏற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய படத்தைவிட நன்றாக வந்திருக்கிறது, அந்த ஒரு இடத்தைத் தவிர. அங்கே பின்னால் பலத்துக்கு இரும்புப் பட்டை வைத்துவிட்டேன், ஓட்டுகிறவருக்கு ஆபத்தில்லை. முன்னால் மட்டும் மூடவில்லை. கசங்கல் கசங்கலாகவே இருக்கிறது, துருப் பிடிக்காமல் வார்னிஷ் அடித்திருக்கிறேன். கண்காட்சியில் யாராவது இது என்ன என்று கேட்டால் நீ பதில் சொல்லிக்கொள்.

கார் சாவியைத் தங்கச்சி மேஜையில் வைத்தேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். பக்கத்தில் உட்காரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். இரண்டு தெரு சுற்றி வந்து ஷெட்டுக்குள் ரிவர்ஸில் விட்டாள், இரண்டு பக்கமும் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி. அம்மா ஜன்னலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு வாயில் வருகிறது, பெற்றவன் தலையெழுத்து அது. ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வந்து இறங்கும் அன்று விமான நிலையத்துக்கு நானும் வரமாட்டேன், அம்மாவும் வரமாட்டாள். தங்கச்சிதான் கார் எடுத்துக்கொண்டு வருவாள், நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். பின் சீட்டில் ஏறாதே, பக்கத்தில் உட்கார். வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும், சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லி முடி. வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உனக்குக் கதவைத் திறப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா