முந்நூறா, ஆறரையா

ஏப்ரல் 6, சனி

ஆயிரம் கஜம், இருபது தோட்டா. அதில் ஐந்து இலக்கின் கறுப்பு வட்டத்துக்கே வெளியே. ஐந்து!

போன அக்டோபரில் என் முந்நூறு மேக்னம் துப்பாக்கி உதைத்த உதையில் அதன் தொலைநோக்கி புருவத்தைக் கிழித்துவிட்டது; நாலு தையல் போட்டார்கள். அதிலிருந்து எதுவும் சரியில்லை. குழலைத் துடைத்தேன், திருகுகளை இறுக்கினேன், மொன்டானாக் காற்றைத் திட்டினேன். தம்பி ஓரின் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இலக்கைப் பார்க்கவில்லை, என் தோளையே பார்த்தான். அவன் அப்படிப் பார்த்தால் ஏதோ இருக்கிறது.

ஏப்ரல் 13, சனி

“அக்கா, இன்னிக்கு நீ சுட மட்டும் செய். தோட்டா நான் போட்டுத் தரேன்” என்றான் ஓரின்.

இரண்டு வெடித்தன. மூன்றாவது — டிக். அவ்வளவுதான். மருந்தில்லாத வெறும் தோட்டாவை நடுவில் சொருகியிருக்கிறான்! வெடிக்காத துப்பாக்கியின் முனை ஒரு விரற்கடை கீழே குனிந்ததை நானே பார்த்தேன்.

“கண்ண மூடிட்டே.”

“மூடல.”

“மூடினே. தோளும் சேர்ந்து குனியுது. கல்லு வருதுன்னா குனிவியே, அப்படி.”

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். அவனை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரோ அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டார்களாம்.

ஏப்ரல் 14

பயம்தான். ஐம்பத்தொரு வயசில். எழுதியாயிற்று.

ஏப்ரல் 21, ஞாயிறு

சமையலறை மேசையில் மூன்று தோட்டாக்களை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன்.

முந்நூறு மேக்னம் — கனமான குண்டு, காற்றை மதிக்காது. என் தோளையும் மதிக்காது. அடுத்தது முந்நூற்றெட்டு. உதை குறைவு, ஆனால் ஆயிரம் கஜம் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும், காற்று இஷ்டத்துக்கு இழுக்கும். மூன்றாவது ஆறரை மில்லிமீட்டர். நீளமான ஒல்லிக் குண்டு. முந்நூறின் உதையில் பாதிதான். ஆனால் பத்து மைல் குறுக்குக் காற்றில் முந்நூறைவிடப் பதினைந்து அங்குலம் கூடுதலாக ஒதுங்கும். பத்து மார்க் வட்டமே மொத்தம் இருபது அங்குலம்தான்.

பதினைந்து அங்குலம் சின்ன விஷயமா? இல்லை. ஆனால் காற்றைக் கணக்குப் போடலாம். பயத்துக்கு என்ன கணக்கு? பதினெட்டு வருஷமாகத் தபால் வண்டியில் இந்தக் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அதை எனக்குத் தெரியும்.

ஆறரை. முடிவு.

ஓரினிடம் ஆறரைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. கேட்டேன்.

“எடுத்துக்க. மன்னிப்பு கேட்டுட்டு எடுத்துக்க.”

கேட்டேன்.

மே 4, சனி

துப்பாக்கிச் சங்கத்தில் எல்லார் முன்னாலும் மாநில அணியின் கேப்டன் தர்லோ என் தோட்டாவை விரலில் உருட்டிப் பார்த்தார்.

“என்ன மார்லிஸ், முயல் வேட்டையா? நம்ம காத்துல இது பக்கத்து டகோட்டா மாநிலத்துல போய் விழும்.”

சிரித்தார்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகவே சொன்னார்: “மாநில அணியில நாலு பேரும் ஒரே தோட்டா போட்டாத்தான் ஒரே காத்துக் கணக்கு. உனக்குன்னு தனியா யாரு கணக்குப் போடறது?”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

“தேர்வுக்கு வரலாமா, கூடாதா?”

“வாயேன். முதல் நாலு மார்க் யாரோ, அவங்கதான் அணி.”

மூன்று வருஷமாக ஐந்தாவது ஆள் நான்.

மே 19

தோட்டாவில் நான் நிரப்பும் மருந்தின் அளவு சரியில்லை. குண்டுகள் மேலும் கீழுமாக ஏணிப்படி போல விழுகின்றன. ஓரின், “முந்நூறுக்கே திரும்பிடேன்” என்றான். மாட்டேன்.

மே 26, ஞாயிறு

அளவைத் துளி குறைத்தேன். பத்துத் தோட்டாவும் உயரத்தில் எட்டு அங்குலத்துக்குள்! ஓரின் நடுவில் வெறும் தோட்டாவைப் போட்டிருக்கிறான். டிக். முனை அசையவில்லை.

“ம்” என்றான், விதையைத் துப்பிவிட்டு. அவனிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

ஜூன் 8, சனி — தேர்வு

காற்று நிலையாக இல்லை. பதினொன்றாவது தோட்டாவுக்கு விசையை இழுத்த கணத்திலேயே காற்றுக் கொடி படுத்துவிட்டது. ஏழு மார்க். மார்க் காட்ட இலக்கு குழியிலிருந்து மேலே வருமுன்பே எங்கே விழுந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது — கண் திறந்திருந்ததே!

இருநூறுக்கு நூற்று எண்பத்தெட்டு. நாலாவது இடம்.

ஐந்தாவது தர்லோ. நூற்று எண்பத்தேழு. மார்க் அட்டையை இரண்டு முறை கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். யாரையும் பார்க்கவில்லை.

ஜூன் 9

சந்தோஷமாக இருக்க வேண்டும். தர்லோ அட்டையை இரண்டாம் முறை கூட்டியதுதான் கண்முன் நிற்கிறது. என் இடத்தை விட்டுக்கொடுத்துவிடலாமா?

ஓரின்: “நீ ஒண்ணும் திருடல.”

இல்லை. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 15, சனி

முதல் அணிப் பயிற்சி. தர்லோ வரமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வந்தார். துப்பாக்கி இல்லை, தூரத்து இலக்கைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயும் முக்காலியும் மட்டும். நேராக நான் படுத்துச் சுடும் பாய்க்குப் பின்னால் வந்து முக்காலியைப் போட்டார்.

“அவங்க மூணு பேருக்கும் முந்நூறுக் கணக்கு. அவங்களே பாத்துப்பாங்க. உன் பட்டியலக் குடு.”

கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் காற்றுப் பட்டியலை வரி வரியாகத் தன் நோட்டில் எழுதினார்.

“பத்து மைலுக்கு இவ்வளவா ஒதுங்குது?”

“ஆமா, கேப்டன்.”

“சரி, படு.”

படுத்தேன். கொடி எழுந்தது.

“இடது ஆறு” என்றார், காற்றுக்கு எவ்வளவு தள்ளிக் குறிவைப்பது என்று கணக்குப் பார்த்து.

“ஏழு” என்றேன்.

பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. மறுபடி குழாயில் கண்ணை வைத்திருப்பார்.

“ஏழுதான். சுடு.”