செவ்வாய்க்கிழமை வந்த வசிப்புரிமை

வில்லோ கிராசிங், மானிட்டோபா
ஏப்ரல் 19

அன்பு மகள் போமிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். மூன்றரை வருடமாக இந்த வரியை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் எழுதினேன், இன்றைக்குத்தான் நிஜமான சுகம். நீயும் அங்கே நம் நாட்டில், ஜின்ஜுவில், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் கொஞ்சமாவது தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை போனில் நான் போட்ட கூச்சலில் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்பதைத் தவிர உனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அம்மாவுக்கு என்ன வந்துவிட்டது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று நீ அப்பாவிடம் கேட்டாயாமே. எனக்கு வந்தது நோய் இல்லையடி, நிரந்தர வசிப்புரிமை! ஆற அமர எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று மதியம் நாங்கள் வாங்கின பவுலிங் கூடத்தில் முதியோர் அணி கட்டைகளை வீழ்த்தப் பந்து உருட்டிக்கொண்டிருந்தது. நான் வாடகைக் காலணிகளுக்குள் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்பக்கம் கட்டைகளைத் தூக்கி நிறுத்தும் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார், கால் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. போனில் டிங் என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டு, இனி நீங்கள் இந்த நாட்டின் நிரந்தரவாசிகள் என்று எழுதியிருக்கிறது. நாலு தரம் படித்தேன். அப்புறம் என்னை அறியாமல் கத்தினேன் பார், அப்பா தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து முகமெல்லாம் கிரீஸோடு தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "எங்கடி நெருப்பு, எங்க?" என்கிறார். நான் போனை நீட்டுகிறேன், அவரோ உருளையைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார். கடைசியில் படித்தார். படித்துவிட்டு, நம்ப மாட்டாய், அந்த உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எண்பத்திரண்டு வயது ஆல்வின் தாத்தா தன் முறை வந்தும் உருட்டாமல் என்னைப் பிடித்து ஒரு சுற்று ஆட வைத்தார். சந்தோஷத்தின் நடுவே சுருக்கென்று ஒரு வலியும் இருந்தது, மறைக்கவில்லை. விண்ணப்பம் போட்டபோது உனக்கு இருபத்து நான்கு ஆகிவிட்டது, பெற்றோரோடு சேர்க்கும் வயது தாண்டிவிட்டது, அதனால் அந்தக் காகிதத்தில் மூன்றாவது பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

இப்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், இனிமேல் சொன்னால் பயமில்லை. மாகாணத்தோடு நாங்கள் போட்ட ஒப்பந்தம் உனக்குத் தெரியும். வாங்கின தொழிலை நாங்களே நின்று நடத்த வேண்டும், உள்ளூர்க்காரர் ஒருவருக்காவது முழுநேர வேலை கொடுக்க வேண்டும், அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் எங்கள் பெயரை மாகாணம் பரிந்துரைக்கும். அந்த உள்ளூர்க்காரர்தான் வெர்னா. அதிகாரி வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். போகும்படி செய்தது உன் அப்பா. கப்பல் தொழிற்சாலையில் நூற்றுநாற்பது பேரை மேய்த்த பழக்கம் விடுமா? அதிகாரிக்கு அத்தாட்சி வேண்டும் என்று பயந்துபோய், ஒரே ஒரு ஆளுக்காக வருகை அட்டை இயந்திரம் வாங்கிச் சுவரில் மாட்டினார். ஒரு நாள் காலையில், வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி உறைகுளிர், அவள் காரைக் கிளப்பப் பட்ட பாட்டைக்கூடக் கேட்காமல் "நாலு நிமிஷம் லேட்" என்று சொல்லிவிட்டார். வெர்னா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "மிஸ்டர் பியோ, முப்பத்தோரு வருஷமா இந்தக் கதவை நான்தான் திறக்கிறேன். நீங்க இந்த ஊரை வரைபடத்துல தேடின காலத்துலயும் நான்தான் திறந்தேன். இந்தாங்க, நாளைலேர்ந்து உங்க மெஷினே திறக்கட்டும்" என்று சாவிக் கொத்தைக் கவுன்டரில் போட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் நாங்கள் இருந்த இருப்பு பகைவனுக்கும் வரக்கூடாது. வேலை அனுமதியில் மிச்சம் ஐந்து மாதம்தான். ஊரில் உள்ள வீட்டை விற்றாயிற்று, திரும்பிப் போக இடமில்லை. டொராண்டோவில் ஒரு ஆலோசகரை போனில் பிடித்தேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே "இதுக்கா அழறீங்க? யாராவது உள்ளூர் ஆள் பேரைக் காகிதத்துல போடுங்க, வேலைக்கு வரணும்னுகூட இல்ல, எல்லாரும் பண்றதுதான்" என்றார். போமி, நான் சம்மதித்துவிட்டேன். ஒரு பெயரைக்கூட மனதில் வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. அந்த வருகை இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு, "தப்பு பண்ணது நான். அதுக்குப் பொய் சொல்றது நீயா? மாண்டு கொழுக்கட்டை செஞ்சு குடு, நான் அவ வீட்டுக்குப் போறேன்" என்றார். அறுபது கொழுக்கட்டை பிடித்துக் கொடுத்தேன். உன் அப்பா ஆங்கிலத்தில் மன்னிப்பு கேட்பதைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும், ராணுவத்தில் கட்டளை இடுகிறவர் மாதிரி இருந்தது.

வெர்னா வீட்டு வாசலில் நடந்ததை அவளே பிற்பாடு எனக்குச் சொன்னாள். இவர் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து, ஒத்திகை பார்த்த வசனம் மறந்துபோய் "நான் தப்பு, நீங்க வாங்க" என்று மட்டும் சொன்னாராம். அவள் கதவை முழுதாகத் திறக்காமல், "உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு நான் வேணுமா, இல்ல உங்க காகிதத்துக்கு ஒரு ஆள் வேணுமா?" என்று கேட்டாளாம். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "ரெண்டும்" என்றாராம். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாம். நீங்கள்தான் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன் என்றாள் என்னிடம். ஆனால் சும்மா வரவில்லை. அந்த இயந்திரத்தைக் கழற்ற வேண்டும், முதலாளி என்று விறைத்துக்கொண்டு நிற்காமல் வியாழக்கிழமை அணியில் இவரும் விளையாட வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. முதல் வியாழன் இவர் உருட்டிய ஒன்பது பந்தும் ஓரத்து வாய்க்காலில் விழுந்தது. ஊரே கைதட்டியது.

அதிகாரி வந்தாள், உன் வயதுப் பெண். நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டேன். எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டு வெர்னாவைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் உண்மையிலேயே தானே நிர்வாகம் செய்கிறாரா என்று கேட்டாள். வெர்னா, "செய்றாரான்னா? ரொம்பவே செய்றார். கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லி உங்க கடிதத்துல எழுத முடியுமா?" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். மாகாணம் பரிந்துரைத்தது. அதன்பின் மத்திய அரசுக்காகப் பதினாறு மாதம் காத்திருந்ததெல்லாம் உனக்கே தெரியும்.

இனி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், மாமா இருக்கும் டொராண்டோவுக்குப் போய்விடுவீர்களா என்று நீ கேட்டாய். நீ மட்டுமா கேட்டாய்? செவ்வாய்க்கிழமை ஆட்டம் அடங்கியதும் ஆல்வின் தாத்தா கோட்டை மாட்டிக்கொண்டே, "சரி, எப்ப கிளம்பறீங்க?" என்றார். கோபமாக அல்ல, பஸ் எப்போது என்று கேட்கிற மாதிரி. இதே திட்டத்தில் இந்த ஊர் விடுதியை வாங்கிய குடும்பம் காகிதம் வந்த எட்டாம் நாள் போய்விட்டது, ஜன்னலில் பலகை அடித்துக் கிடக்கிறது, அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. வெர்னா பக்கம் திரும்பினேன், அவள் எதையோ துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா போய் வாடகைக் காலணிகளை அடுக்க ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னால், நாங்களும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. கிடைக்குமுன் பேசினால் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம்.

மறுநாள் காலை அவர் சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் போனார். ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு இடம் கேட்டிருக்கிறார்! அங்கே இருக்கிற பெண் பதறிப்போய், "ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாளாம். இவர், "எனக்கும் என் மனைவிக்கும். அவசரம் ஒண்ணுமில்ல" என்றாராம். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் இரண்டு மணி நேரம் அவரோடு பேசவில்லை. அதற்குள் அந்தப் பெண் போன் போட்டு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் கூடத்தில் ஒருவர்கூட எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கவில்லை. வெர்னா ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையோடு வந்து, "என் இடம் வேலியோரம், மூணாவது வரிசை. உங்களது எது?" என்றாள். நானும் போய்ப் பார்த்தேன். பனிக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, நல்ல இடம்தான், சம்மதம் சொல்லிவிட்டேன்.

ஜூலையில் இருபது நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்துவிடு. உன் பெயருக்கும் ஒரு வழி இருக்கும், இல்லாவிட்டால் வருஷா வருஷம் வந்து போ. வரும்போது பெரியம்மாவிடம் மிளகாய்த் தூள் இரண்டு பை வாங்கி வா, அந்தக் கடைவாய்ப் பல்லை இந்த மாதமே பிடுங்கிவிடு, ஒத்திப்போடாதே. நீ எங்கே வேரூன்றினாலும் அந்த மண் உன்னைத் தாங்கட்டும், உன்னை மரியாதையாக நடத்துகிறவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒன்று எழுத மறந்துவிட்டேன். இங்கே குளிர்காலத்தில் செத்தால் தரை பாறையாக இறுகியிருக்கும், தோண்ட முடியாது, மே மாதம்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்த அலுவலகப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாளாம். அதற்கு உன் அப்பா, "பரவாயில்லம்மா, நாங்க காத்திருந்து பழகினவங்க" என்றாராம்.

இப்படிக்கு,
உன் அம்மா
நோ கியோங்ரான்
(அப்பாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார், கை முழுக்க எண்ணெய், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்)