பலகைத் தடுப்புக்கு இரண்டு பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

இங்கே கம்பெனி கேம்ப் ஜெப அறையில் சின்னக் கலாட்டா, பயப்படாதீர்கள். வெல்டர் அண்ணன் ஜெபத்தை இழுக்கிறார் என்று டிரைவர் ஒவ்வொருவரிடமும் புலம்பி, பாதிப் பேரோடு அறை நடுவிலிருக்கும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். போன வாரம் எதிர்ப்பக்கம் மனந்திரும்பவேண்டும் என்று இரண்டு பக்கமும் போட்டி போட்டுக் கத்தி ஜெபித்தோம்.

“ஜெபம் பண்றீங்களா, சண்டை போடுறீங்களா?” என்று கேட்ட கேம்ப் மேலாளர், அறையைப் பூட்டிவிட்டார்.

இப்போது வேலையிலும் பேச்சில்லை. நேற்று சாரத்தின் மேலிருந்து ஸ்பேனர் நழுவியபோது, “தள்ளு” என்று ஒருத்தரும் குரல் கொடுக்கவில்லை. என் தோளை உரசிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

இனி நம் வீட்டு ஜெபத்தில் எனக்குப் போனைப் போட்டு நடுவில் வையுங்கள். நான் பேசமாட்டேன், ஆமென் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவன்