மடையும் மகளும்

சிம்மக்கல், மதுரை
1948 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சான் அப்துல் வஹீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா லத்தீபாவும் நானும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றி அப்படி எழுத வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாட்டுப் பேச்சுவார்த்தை முடிகிறவரை என் மகள் நஜ்முன்னிசாவைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அனுப்ப இயலாது என்று எழுதியிருக்கிறாய். கராச்சி வெளிவிவகார இலாகாவில் இருப்பவன் மருமகளை இந்தியாவுக்கு அனுப்பினால் ஆபீசில் என்ன பேசுவார்களோ என்கிறாய். இப்போது புதிதாக வந்திருக்கும் பர்மிட்டை வாங்கிக்கொண்டு வந்தாலும், திரும்ப விடுவார்களா என்றும் கேட்கிறாய். இந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஜித்தா கான்சல் ஆபீசில் நான் உப கான்சலாகவும் நீ எனக்கு அடுத்த நாற்காலியிலும் இருந்த காலத்தில், இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கு வேலை போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இதற்கிடையில் எனக்கு டில்லியிலிருந்து அழைப்பு வந்தது. அதே பேச்சுவார்த்தைக்கு ஆலோசகராக வரச் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கம் நீ உட்காருவாய் என்பது தெரிந்தே கூப்பிடுகிறார்கள். லத்தீபாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "புள்ளைய அங்கிட்டு வச்சுக்கிட்டு நீங்க இங்கிட்டு உக்காந்து என்னத்தப் பேசப் போறீக?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வைகைப் பக்கம் நடந்தேன். திரும்பி வந்து டில்லிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மறுபடியும் நடந்தேன். பல நாள் இப்படியே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தாசில்தார் ஆள் அனுப்பினார். திருவாதவூர்ப் பக்கம் இரண்டு ஊருக்கு வாய்க்கால் தண்ணீரில் தகராறு. அந்தப் பக்கத்து ஆட்களும் வாய்க்கால் பாசனமும் எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அரபு நாட்டுக் குலங்களுக்கே சமாதானம் பேசியவர் என்று என் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருப்புக்கொள்ளாதவன், உடனே வண்டி ஏறிவிட்டேன்.

மடை இருக்கும் மேல ஊருக்குத் தலைவர் நல்லகாமன். கீழ ஊருக்குக் காசிமாயன். இருவரும் சம்பந்திகள், காசிமாயன் மகள் முருகம்மாள் நல்லகாமன் மருமகள். மேல ஊரார் மடையை அடைத்ததும் கீழ ஊரில் நாற்று கருகத் தொடங்கியது. கம்பும் அரிவாளும் வெளியே வந்துவிட்டன. நிறைமாதமாக இருந்த முருகம்மாளைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் நல்லகாமன் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது. முதலில் தண்ணீரைத் தீர்ப்போம், பெண் விஷயம் தானாகத் தீரும் என்று நினைத்தேன். பெரியதை முடித்தால் சின்னது பின்னால் வரும். உத்தியோகம் முழுவதும் நான் நம்பியது அதுதான், மச்சான். முறை வைத்து மடை திறக்க இரு தரப்பும் தலையாட்டினார்கள். கைநாட்டு வைக்கும் நேரத்தில் காசிமாயன் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போய்க் கண்மாய்க் கரையில் பிடித்தேன். "தண்ணி கெடக்கட்டும் சாயபு. இம்புட்டுப் பேசுனீக, எம்மக பேரு ஒருக்கா வந்துச்சா?" என்றார். கண் கலங்கியதை மறைக்க வயலைப் பார்த்துக்கொண்டார்.

நல்லகாமனிடம் போனேன். அவர் ஒளிக்கவில்லை. "அந்தப் புள்ள இங்கன இருக்கங்காட்டியும்தான் அவய்ங்க மடைய ஒடைக்காம இருக்காய்ங்க. அனுப்பிட்டா எனக்கு எது காவல்?" என்றார். அது கொடுமைக்காரன் பேச்சல்ல, பயந்தவன் பேச்சு. நான் யோசிக்கவேயில்லை. "நான் காவல். அவளை அனுப்புங்க. தண்ணி விவகாரம் தீருற மட்டும் உங்க வீட்டுல இருக்கேன். அவுக மடைய ஒடச்சா என்னைய என்ன வேணாலும் செய்ங்க" என்றேன். அவர் மனைவி அதற்குள் வண்டி பூட்டச் சொல்லிவிட்டாள்.

பிணை என்று பேர், நடந்தது விருந்துதான். கறியில் நமக்கு விதி உண்டென்று யாரோ சொல்ல, எனக்கு மோரும் சோறும் வெஞ்சனமுமாகவே போட்டார்கள். ஆனால் இருட்டினால் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். கீழ ஊரில் ஒரு இளவட்டம் கடப்பாரையைத் தூக்கினால் போதும். யாரும் தூக்கவில்லை. தன் ஊர்க்காரர்கள் உடைத்துவிடாமல் காசிமாயனே மடைக்கருகில் கட்டில் போட்டுப் படுத்தாராம். முருகம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி வந்தது. பேரனைப் பார்க்க நல்லகாமன் அந்தக் கருகிய நாற்றங்கால் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. திரும்பி வந்தவர் நேரே போய் மடையைத் திறந்தார். முழுதாக அல்ல, பாதி. மறுவருஷம் மறுபடி முட்டிக்கொள்ளலாம். ஆனாலும் பயிர் பிழைத்தது, ஆட்கள் பிழைத்தார்கள்.

டில்லிக்கு இன்று பதில் அனுப்பிவிட்டேன். என் மகள் எதிர்த்தரப்பு வீட்டில் இருக்கிறாள். நான் மேஜைக்குக் கீழே கையேந்துவேனோ என்ற பயம் எனக்கே இருப்பதால் வரவில்லை என்று எழுதினேன். கூடவே ஒரு யோசனையும் எழுதினேன். உனக்கும் அதையே சொல்கிறேன். நீங்கள் எல்லைக்கோட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பிரிந்து கிடக்கும் பெண்கள், சிறையில் கிடப்பவர்கள், தபால், மருந்து, இவற்றை முதலில் எடுங்கள். பதிலுக்கு எதையும் கேட்காமல் ஒரு தரப்பு முதலில் அனுப்பட்டும். எதிராளியை வெறுங்கையோடு எழுப்பி அனுப்பிவிட்டு ஜெயித்ததாகப் பத்திரிகையில் போடலாம்; மறுநாளும் அவன்தான் பக்கத்து வீட்டுக்காரன். காஷ்மீரில் பீரங்கி முழங்கும்போது இது கிழவன் பேச்சாகத் தோன்றும். தோன்றட்டும்.

இனி எழுதுவது உன் சர்க்காருக்கு அல்ல. அவளை அனுப்பினால் திரும்ப மாட்டாள் என்ற பயம் இருந்தால், நான் கராச்சிக்கு வந்து உன் வீட்டில் இருக்கிறேன். அவள் பிள்ளையோடு திரும்புகிறவரை அசையமாட்டேன். லத்தீபா சம்மதித்துவிட்டாள். என் துணிகளைத் துவைத்தும் வைத்துவிட்டாள்.

கடைசியாக வந்த கடிதங்கள் எல்லாம் உன் மகன் பாதுஷா எழுதியவை. மாப்பிள்ளை நன்றாகத்தான் எழுதுகிறார், குறை சொல்லவில்லை. ஆனால் உன் அக்கா அவற்றைப் பிரித்ததும் என்னிடம் நீட்டிவிடுகிறாள், படிக்கச் சொல்வதில்லை. அனுப்ப முடியாவிட்டாலும், நஜ்முன்னிசாவை அவள் கையாலேயே "அம்மா" என்று ஒரு வார்த்தை எழுதச் சொல். அல்லாஹ் உன் வீட்டையும் அதிலிருக்கும் எல்லா உயிரையும் காப்பானாக.

உன் மச்சான்,
அப்துல் லத்தீப்