நீங்கள் பத்தாத சுருட்டு

அண்ணை,

இன்று காலை எங்கள் கோப்பாய் வீட்டு விறாந்தையில், உங்கள் மகளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் தகப்பன் சுருட்டுப் பற்றவைத்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கை துருதுருத்தது. வாயோடு சேர்த்து ஒன்று விட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பஸ் ஓட்டிய காலம் முழுக்க, பீடியோடு ஏறவந்த எவனையும் நீங்கள் விட்டதில்லை. "எறிஞ்சுபோட்டு ஏறு, இல்லாட்டி நடந்து வா" என்பீர்கள். நல்லூர்த் திருவிழா நாளொன்றில் ஒருவன் எறியமாட்டேன் என்று மிதிபலகையில் நின்றான். நிறைந்த பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டீர்கள். நான்தான் எழும்பிப்போய் அவன் வாயில் இருந்ததைத் தட்டிவிட்டேன். "உனக்கு வாயை விடக் கைதான் முந்துது, தங்கச்சி" என்று சிரித்தீர்கள்.

அப்படிப்பட்ட உங்களுக்கு நுரையீரலில் புற்றுநோய். கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பிய சதைத்துண்டின் முடிவு வந்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். நுரையீரல் கலத்தில் ஒரு மரபணு மாறிவிட்டது, வளரச் சொல்லும் கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது என்றார் டொக்டர். "அக்சிலரேட்டர் மிதிச்சபடியே இறுகினமாதிரி. சிகரெட் தொடாத ஆக்களுக்கும் வருது."

"அப்ப பிரேக் இருக்கோ, டொக்டர்?" என்றீர்கள். குளிசை இருந்தது, நாளுக்கு ஒன்று விழுங்க வேண்டும்.

"என்ரை மகளுக்கும் வருமோ?"

"இது பிறப்போடை வந்த மாற்றமில்லை. இடையிலை உங்கடை நுரையீரலுக்குள்ளை நடந்தது. பிள்ளைக்குப் போகாது." அப்போதுதான் நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள்.

குளிசை கொஞ்சக் காலம் வேலை செய்தது. மறுபடி பஸ்ஸில் ஏறினீர்கள். பிறகு அதே மரபணு இன்னொருமுறை மாறி, குளிசைக்கு அடங்காமல் போனது. கடைசியில் ஒவ்வொரு இருமலுக்கும் இரத்தம் வந்தது. உங்கள் சொந்த நெஞ்சே உங்களை உள்ளிருந்து அடித்துக் கொன்றது. நான் யாரைப் போய் அடிப்பது?

செத்தவீட்டில் ஆள் கிடைத்தான். வந்தவர்களுக்கு வழக்கப்படி வெற்றிலையும் சுருட்டும் வைத்த தட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டே, பெரியப்பாவின் மகன் சொன்னான்: "உவன் களவாய்ச் சுருட்டுப் பத்தியிருப்பான், இல்லாட்டி எப்பிடி வரும்?" தட்டத்தை உதைத்தேன். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து வேட்டியெல்லாம் இரத்தம். உங்கள் உடலுக்கு முன்னால் நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். அதற்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை.

இப்போது இந்தச் சம்பந்தம். மரபணுக் கதை எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. "பரம்பரை வருத்தமாம், பிள்ளையளுக்கும் வருமாம்" என்று பின்வாங்கினார்கள். டொக்டர் சொன்னதை எத்தனை தரம் சொன்னாலும் அவர்களுக்கு ஏறவில்லை. நேற்று அண்ணி எனக்குத் தெரியாமல் அவர்களிடம் சொல்லிவிட்டார், நீங்கள் களவாகச் சுருட்டுப் பத்தியதால்தான் வந்தது, பரம்பரை இல்லை என்று. கேட்டதும் அண்ணியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். அவர் திமிறவே இல்லை.

"அடி. நல்லா அடி. செத்த மனிசனுக்குப் பேர் என்னத்துக்கு? என்ரை பிள்ளை அந்தப் பொடியனை விரும்புறாள்."

என் பிடி விட்டுப்போனது.

இன்று மாப்பிள்ளையின் தாய் நேரே என்னைக் கேட்டார்: "நீங்கள் கூடப்பிறந்தனீங்கள், உண்மையைச் சொல்லுங்கோ. அவர் பத்தினவரோ?" உங்கள் மகள் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். கோப்பைகளை இறக்கிவைக்காமல் என் வாயையே பார்த்தாள்.

"ஓம். நிறையப் பத்தினவர்" என்றேன்.

கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டார்கள், அண்ணை. இனி எவன் உங்களைச் சுருட்டுக்காரன் என்றாலும் நான் தலையாட்ட வேண்டும். ஆட்டுவேன். அவள் நல்லாயிருக்கட்டும். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உங்களிடம் மட்டும் சொல்லுவேன்: நீங்கள் ஒன்றுகூடப் பத்தவில்லை.