எந்தச் சக்கரத்தில் காற்று குறைந்தது

அன்புள்ள என் இல்லத்தாளுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? உன் மயக்கம் நின்றதா? ஃபோனில் கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை, ஒரு சின்ன வேடிக்கை நடந்தது. செவ்வாய்க்கிழமை சிமென்ட் மூட்டைகளோடு போகும்போது, பிக்கப் வண்டியில் டயர் காற்றுக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. முன் இடது சக்கரத்தில் காற்று குறைவு என்று திரை காட்டியது. இறங்கிக் காற்றடித்தேன், விளக்கு அணையவில்லை. மறுபடியும் அடித்தேன். அந்தச் சக்கரம் பானை போல் உப்பியது, வண்டியோ பின்பக்கம் ஆடியது. ஓரங்கட்டிப் பார்த்தால், பின் இடது சக்கரம் ஆணி ஏறிப் பாதி படுத்திருந்தது.

பட்டறையில் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "போன வாரம் முன்சக்கரத்தப் பின்னாடி மாத்தினேன்ல, அத கம்ப்யூட்டர்ல சொல்ல மறந்துட்டேன் மச்சான். அது பழைய இடத்தையே காட்டிட்டிருக்கு."

"பிரேக்க எங்க மாட்டினன்னாவது ஞாபகம் இருக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

நீ ஒவ்வொரு முறையும் அம்மாவின் முழங்கால் வலியைத்தான் சொல்கிறாய். நானும் அதற்கே தைலம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கொண்டுவரும் எலக்ட்ரீஷியன் பத்து நாளில் இங்கே திரும்புகிறார். உன் பழைய போர்வை ஒன்றைக் கொடுத்துவிடு, கடைப் போர்வை உடம்பில் குத்துகிறது. அதோடு உன் மயக்கத்துக்கு டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டையும் வை. நீ படித்துச் சொல்ல வேண்டாம், நானே பார்க்கிறேன்.

அவர் கிளம்பச் செருப்பை மாட்டிவிட்டார், இத்தோடு முடிக்கிறேன்.

உன்னவன்